அச்சு சரி, அளவு சரி... ஆனாலும் விமான பாகம் ஏன் கோணுகிறது? ஒரு தாள் கனத்து இடைவெளியின் பின்னணி

2020 ஆகஸ்ட் மாதக் கடைசி. கொரோனாவால் உலகம் முழுக்க விமானப் போக்குவரத்து முடங்கிக் கிடந்த நேரம். அப்போது குறிப்பிட்ட எட்டு போயிங் 787 விமானங்களைச் சேவையிலிருந்து விலக்கிவைக்கச் சொல்லி, அவற்றை இயக்கிய நிறுவனங்களுக்குப் போயிங்கிடமிருந்து தகவல் போனது. இன்ஜினில் கோளாறு இல்லை. மின்சார அமைப்பிலும் பிரச்சினை இல்லை. விமானத்தின் பின்பக்கத்தில், உடற்பகுதியின் இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் சிக்கல்.

அந்த இணைப்பில் இரண்டு குறைகள் இருந்தன. துண்டுகளுக்கு நடுவே வைக்கும் ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய நிரப்புத் தகடு சரியான அளவில் இல்லை. அதே இடத்தில் உட்புறப் பரப்பு, இருக்கவேண்டிய அளவுக்குத் தட்டையாக இல்லை. தனித்தனியாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததால், அந்த இணைப்பு வடிவமைப்பு விதிகளுக்கு உட்படாமல் போனது.

விஷயம் எட்டு விமானங்களோடு நிற்கவில்லை. மற்ற இணைப்புகளிலும் ஆய்வு விரிந்தது. 2020 கடைசியில் புதிய 787 விமானங்களை ஒப்படைப்பது நின்றது. 2021 மார்ச்சில் தொடங்கி, மே மாதத்தில் மறுபடி நின்றது. 2022 ஆகஸ்ட்டில்தான் மீண்டும் வழி திறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட புத்தம்புது விமானங்கள் வாங்கியவர் கைக்குப் போகாமல் வரிசையாக நின்றன. இதற்காக 350 கோடி டாலர் இழப்பைப் போயிங் தன் கணக்கில் எழுதவேண்டி வந்தது. அதற்கு மேல் சுமார் 200 கோடி டாலர் கூடுதல் உற்பத்திச் செலவும் ஆகும் என்று அறிவித்தது.

இவ்வளவுக்கும் காரணமான அளவு என்ன தெரியுமா? அந்த இணைப்புகளில் அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதாவது 0.127 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் போடும் ஏ4 தாளின் கனத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

‘இவ்வளவு பெரிய கம்பெனி, இவ்வளவு நுட்பமான மெஷின்... ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி வராம ரெண்டு பாகத்தைச் சேர்க்க முடியாதா?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இணைப்பில் இடைவெளி வரப் பல காரணங்கள் உண்டு. அளவெடுப்பதில் பிழை, பொருத்துவதில் அவசரம், சோதிப்பதில் அலட்சியம் என எதுவும் இருக்கலாம். ஆனால், யாரும் தவறு செய்யாவிட்டாலும் வரும் ஒரு காரணம் இருக்கிறது. அது அந்தப் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. கார்பன் இழைப் பாகம், தான் வெந்த அச்சின் வடிவத்தில் வெளியே வருவதில்லை.

காம்போசிட் என்பது என்ன?

காம்போசிட் எனப்படும் கூட்டுப்பொருள் நமக்குப் புதிது அல்ல. தமிழகக் கடலோரத்தில் நிற்கும் ஃபைபர் படகு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த காம்போசிட். முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறகும் அந்த வகைதான். கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழை, சாதாரண பிசினுக்குப் பதில் உயர்தர எபாக்சி என்று போட்டால் விமானத்துக்கு ஏற்ற பொருள் கிடைக்கும். இழைதான் பலம். பிசின் அந்த இழைகளை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் பசை.

எடை குறைவு, துரு பிடிக்காது, பலம் அதிகம் என்பதால் விமானத் துறை இதை விரும்புகிறது. 787 விமானத்தின் கட்டமைப்பில் எடைக்கணக்கில் பாதி காம்போசிட்தான். ஏர்பஸ் ஏ350-ல் 53 சதவீதம். இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்தில் சுமார் 45 சதவீதம்.

அடுப்புக்குள் என்ன நடக்கிறது?

அலுமினியப் பாகம் செய்யவேண்டும் என்றால் தகட்டை வெட்டுவார்கள், வளைப்பார்கள், கடைவார்கள். பொருள் முன்பே தயாராக இருக்கும். அதற்கு வடிவம் கொடுப்பது மட்டுமே வேலை. காம்போசிட் அப்படியல்ல. பொருள் உருவாவதும் வடிவம் உருவாவதும் ஒரே நேரத்தில், ஒரே அடுப்புக்குள் நடக்கிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிசினில் ஊறிய கார்பன் இழை, நாடா போலச் சுருளாக வரும். அதை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் இழை ஓடும் திசை மாறும். ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்காக, இன்னொன்று 45 டிகிரியில். பிறகு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்படியே ‘ஆட்டோகிளேவ்’ எனும் ராட்சத பிரஷர் குக்கருக்குள் தள்ளுவார்கள். விமானத்தின் முக்கியப் பாகங்களுக்குப் பொதுவாக 180 டிகிரி செல்சியஸ் வரை சூடு, காற்றழுத்தத்தைப் போல ஆறேழு மடங்கு அழுத்தம். பல மணி நேரம் வெந்த பிறகு பிசின் கல்லாக இறுகியிருக்கும். இதற்குத்தான் ‘க்யூரிங்’ என்று பெயர்.

வீட்டில் அரால்டைட் பயன்படுத்தியவர்களுக்கு இது புரியும். இரண்டு ட்யூபிலிருந்து பிதுக்கிக் கலந்த பசை, சற்று நேரத்தில் கெட்டியாகிறது. கொஞ்சம் தாராளமாகக் கலந்திருந்தால் கையில் சூடு தெரியும். அதுவும் எபாக்சிதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னுகின்றன. அப்போது வெப்பம் வெளியாகிறது.

இந்தப் பயணத்தில் ஒரு முக்கியமான தருணம் உண்டு. பால், தயிராக உறையும் நொடியை நினைத்துப் பாருங்கள். அதுவரை பாத்திரத்தைச் சாய்த்தால் ஓடும். அதன்பின் ஓடாது, ஆடும். பிசினும் அப்படித்தான். உறைவதற்கு முன் அது எவ்வளவு சுருங்கினாலும் கவலையில்லை. திரவம் ஓடிவந்து இடத்தை நிரப்பிவிடும். உறைந்த பிறகு நடக்கும் ஒவ்வொரு சுருக்கமும் பொருளுக்குள்ளேயே இழுவிசையாகத் தங்கிவிடும்.

இரண்டு சுருக்கங்கள்

முதல் சுருக்கம் வேதியியல் சார்ந்தது. தள்ளித் தள்ளி இருந்த மூலக்கூறுகள் கைகோத்ததும் நெருங்கி வருகின்றன. எபாக்சி வகையைப் பொறுத்து அதன் கன அளவு சில சதவீதம் குறையும். படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசின் இன்னும் அதிகமாக, ஏழெட்டு சதவீதம் வரைகூடச் சுருங்கும். பளபளப்பான ஃபைபர் படகின் மேற்பரப்பை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் இழையின் பின்னல் லேசாகத் தடம் காட்டுவதைச் சில படகுகளில் பார்க்கலாம். பிசின் சுருங்கிவிட்டது, இழை சுருங்கவில்லை. அதன் அடையாளம்தான் அந்தத் தடம்.

இரண்டாவது, வெப்பச் சுருக்கம். 180 டிகிரியில் இறுகிய பாகம் அறை வெப்பநிலைக்கு இறங்கும்போது 150 டிகிரிக்கு மேல் குளிர்கிறது. எல்லாப் பொருளும் குளிர்ந்தால் சுருங்கும். ஆனால், கார்பன் இழை ஒரு விசித்திரமான பொருள். அது தன் நீளவாக்கில் குளிரும்போது சுருங்குவதே இல்லை. மிக மிகச் சிறிதளவு நீளக்கூடச் செய்யும். சுற்றியுள்ள எபாக்சியோ அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கும்.

ஆக, ஒரே பாகத்துக்குள் சுருங்க மறுக்கும் இழையும் சுருங்கியே தீரும் பிசினும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. இழை ஓடும் திசைகளில் பாகம் சுருங்காது. இழையே இல்லாத திசை ஒன்று இருக்கிறது. அதுதான் தடிமன். அடுக்கின் மேல் அடுக்காக ஏறும் அந்தத் திசையில், பிசினைத் தடுக்க ஆள் இல்லை. எனவே, பாகம் தடிமனில் மட்டும் நன்றாகச் சுருங்கும்.

‘தடிமன் கொஞ்சம் குறைஞ்சா என்ன, வடிவம் எப்படி மாறும்?’ தட்டையான தகடாக இருந்தால் மாறாது. வளைவு இருந்தால் மாறும்.

90 டிகிரி ஏன் 89 ஆகிறது?

ஒரு படத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துச் சிறிதாக்கி நகல் எடுங்கள். படம் சுருங்கும். ஆனால் அதில் இருக்கும் செங்கோணம் செங்கோணமாகவே இருக்கும். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் கோணம் மாறவில்லை. உலோகம் குளிரும்போது நடப்பது இதுதான்.

காம்போசிட்டில் நடப்பது வேறு. ‘ட’ எழுத்து போல 90 டிகிரியில் மடங்கிய ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். மடிப்பில் இழைகள் வளைந்து செல்கின்றன. ஓட்டப்பந்தய மைதானத்தின் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளித்தடத்தில் ஓடுபவர் உள்தடத்தில் ஓடுபவரைவிட அதிக தூரம் ஓடவேண்டும். எவ்வளவு அதிகம் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. இரண்டு தடங்களுக்கும் நடுவே உள்ள அகலம், வளைவு எவ்வளவு திரும்புகிறது என்ற கோணம். இரண்டையும் பெருக்கினால் அந்த வித்தியாசம் கிடைக்கும்.

இப்போது மடிப்பின் உள்பக்க இழையும் வெளிப்பக்க இழையும்தான் அந்த இரண்டு தடங்கள். இழையின் நீளம் மாறாது. எனவே, வித்தியாசமும் மாறாது. ஆனால் தடங்களுக்கு நடுவே உள்ள அகலம், அதாவது பாகத்தின் தடிமன், சுருங்கிவிட்டது. பெருக்கல் கணக்கு சரியாக வரவேண்டும் என்றால், அகலம் குறைந்த அளவுக்குக் கோணம் கூடியாக வேண்டும். வேறு வழியில்லை. மடிப்பு இன்னும் சற்று மடங்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. வெப்பமும் வேதியியலும் சேர்ந்து தடிமன் ஒரு சதவீதம் சுருங்கியது என்று வைத்துக்கொண்டால், 90 டிகிரியின் ஒரு சதவீதமான 0.9 டிகிரி கூடுதலாக மடங்கும். இரு பக்கங்களுக்கு நடுவே 90 டிகிரி இருந்தது 89.1 ஆகிவிடும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்தின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நகர்ந்திருக்கும். 787 இணைப்பில் அனுமதிக்கப்பட்ட இடைவெளியோடு ஒப்பிட்டால் இது பன்னிரண்டு மடங்கு!

பொறியாளர்கள் இதை ‘ஸ்ப்ரிங்-இன்’ என்கிறார்கள். உள்நோக்கி மடங்குதல் என்று சொல்லலாம். இரண்டு சுருக்கங்களில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய ஆய்வாளர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். கோணிய பாகத்தைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்குவது. வெப்பச் சுருக்கத்தால் வந்த கோணல், சூடேற ஏற நிமிர்ந்துவிடும். வேதியியலால் வந்தது நிமிராது. உறைந்த தயிர் பாலாகாதது போல, அது நிரந்தரம்.

அச்சும் சும்மா இருப்பதில்லை

அடுத்த காரணம் அச்சு. ஒரு மீட்டர் நீள அலுமினிய அச்சை 180 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இரும்பு அச்சு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். அதன் மேல் கிடக்கும் கார்பன் அடுக்குகளோ நீள விரும்புவதில்லை. ஆட்டோகிளேவின் அழுத்தம் இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பதால், நீளும் அச்சு தன்னைத் தொட்டிருக்கும் அடுக்கையும் சேர்த்து இழுக்கும். மேலே உள்ள அடுக்குகளுக்கு அந்த இழுப்பு அவ்வளவாகப் போய்ச் சேராது. அந்த நிலையிலேயே பிசின் உறைந்துவிட்டால் கீழ் அடுக்கில் இழுவிசை சிறைப்பட்டுவிடும். அச்சிலிருந்து பாகத்தை எடுத்ததும் அது விடுபடும். தட்டையாக இருக்கவேண்டிய பலகை மெல்ல வளையும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதனை செய்து 2004-ல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பாகத்தின் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் வளைவு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது, நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும் பாகங்களுக்கு ஆபத்து அதிகம். விமானத்தில் பெரும்பாலான பாகங்கள் நீளமானவை, மெல்லியவை.

அடுக்கு வரிசை தப்பினால்?

மூன்றாவது காரணம், அடுக்கும் வரிசை. பழைய இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் ‘டக்’ என்று கரண்ட்டைத் துண்டிக்கும் பட்டை ஒன்று உண்டு. இரண்டு வேறு உலோகங்களை முதுகோடு முதுகு ஒட்டியது அது. ஒன்று அதிகம் நீளும், இன்னொன்று குறைவாக நீளும். எனவே பட்டை வளையும். காம்போசிட்டில் ஒரு பக்கம் நீளவாக்கு இழையும் மறுபக்கம் குறுக்கு இழையும் இருந்தால் இதேதான் நடக்கும். அது சூடேறும்போது நடக்கும். இது குளிரும்போது நடக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹையர் 1981-ல் இதில் ஒரு விந்தையை விளக்கினார். இப்படிச் சமச்சீர் இல்லாமல் அடுக்கிய மெல்லிய சதுரத் தகடு, அன்றிருந்த கணக்குப்படி குதிரைச் சேணம் போல வளையவேண்டும். நிஜத்தில் அது உருளையின் ஒரு பகுதி போல வளைந்தது. கையால் அழுத்தினால் ‘டப்’ என்று எதிர்த்திசை உருளையாக மாறியது. வளைவு பெரிதாகும்போது பழைய எளிய கணக்கு போதாது என்று அவர் காட்டினார்.

இதனால்தான் காம்போசிட் வடிவமைப்பில் ஒரு பொது விதி இருக்கிறது. நடுவிலிருந்து மேலே எந்த வரிசையோ, நடுவிலிருந்து கீழேயும் அதே வரிசை. கண்ணாடியில் பார்ப்பது போல. தொழிற்கூடத்தில் ஒரே ஓர் அடுக்கு சில டிகிரி விலகினாலும் இந்தச் சமச்சீர் கெடும், பாகம் முறுக்கிக்கொள்ளும்.

தப்பான அச்சு, சரியான பாகம்

சரி, இதற்கு என்ன செய்கிறார்கள்? துணி சுருங்கும் என்று தெரிந்த தையல்காரர் ஒரு விரல் கூடுதலாக விட்டுத் தைப்பார். அதே உத்திதான். பாகம் 0.9 டிகிரி உள்ளே மடங்கும் என்றால், அச்சையே 90.9 டிகிரியில் செய்துவிடுவது. அச்சு வேண்டுமென்றே தப்பாக இருக்கும். வெந்து, ஆறி, வெளியே வரும் பாகம் சரியாக இருக்கும்.

அந்தத் திருத்தம் எவ்வளவு என்பதுதான் கோடி ரூபாய் கேள்வி. முன்பெல்லாம் அனுபவத்தை வைத்து ஓர் அளவு போடுவார்கள். பாகம் செய்து அளந்து, ஒத்துவராவிட்டால் அச்சை மறுபடி கடைவார்கள். பெரிய இறக்கைக்கான அச்சை அப்படித் திரும்பத் திரும்பக் கடைய முடியாது. இன்று பிசின் எந்த நிமிடத்தில் உறைகிறது, எவ்வளவு சுருங்குகிறது, அச்சு எவ்வளவு இழுக்கிறது என்பதையெல்லாம் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் பிசின் விவரம் சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக வரும்.

அச்சின் பொருளையும் மாற்றலாம். ‘இன்வார்’ எனும் உலோகக் கலவை சூடேறினால் கிட்டத்தட்ட நீளாது. இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த இயற்பியலாளர் சார்ல்ஸ் எடுவார் கியோம் 1896-ல் கண்டறிந்தது. மீட்டர் அளவுகோல், கடிகாரம் போன்ற துல்லியக் கருவிகளுக்கு அது பயன்பட்டது. இந்தக் கலவைகள் பற்றிய பணிக்காக 1920-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலுமினியம் மூன்றரை மில்லிமீட்டர் நீளும் இடத்தில் இன்வார் கால் மில்லிமீட்டர் அளவுக்கே நீளும். விமானத் தொழிற்சாலைகளில் பெரிய அச்சுகளுக்கு இதைத் தேடிப்போவது அதனால்தான். ஆனால் விலை அதிகம், எடை அதிகம், சூடேறவும் நேரம் எடுக்கும்.

சமைக்கும் விதமும் முக்கியம். கனமான பாகத்தை வேகமாகச் சூடாக்கினால், பிசின் வெளியிடும் சொந்த வெப்பம் நடுவில் தேங்கும். நடுப்பகுதி முந்திக்கொண்டு வெந்துவிடும், ஓரம் பிந்தும். முந்தியதும் பிந்தியதும் வெவ்வேறு நேரத்தில் சுருங்குவதால் கோணல் கூடும். எனவே, நடுவில் ஒரு வெப்பநிலையில் நிறுத்தி, நிதானமாக ஏற்றுவார்கள். நிதானம் என்றால் நேரம். நேரம் என்றால் செலவு.

திருத்தம் சராசரிக்குத்தான்

இவ்வளவு செய்தும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அச்சைத் திருத்துவது சராசரிக் கோணலை மட்டுமே சரிசெய்யும். ஒரே அச்சில் செய்த பத்துப் பாகங்களும் ஒரே மாதிரி கோணுவதில்லை. ஒன்றில் பிசின் சற்று அதிகம். இன்னொன்றில் மடிப்பு மூலையில் அடுக்குகள் சரியாக அமுங்கவில்லை. மற்றொன்று ஆட்டோகிளேவில் சூடு சற்றுக் குறைவான மூலையில் இருந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை எந்த அச்சாலும் திருத்த முடியாது.

அந்த மிச்சம், பாகங்களை இணைக்கும் இடத்தில்தான் வந்து நிற்கும். அங்கேதான் ஷிம் வருகிறது. ஆடும் மேசைக்காலுக்கு அட்டையை மடித்து வைப்பது போலத்தான். ஆனால் இங்கே ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து, அதற்கேற்ற கனத்தில் நிரப்பி வைக்கவேண்டும். மிக மெல்லிய இடைவெளிக்குக் கெட்டியாகும் பசையையே நிரப்புவார்கள்.

‘அளந்து நிரப்புறதுக்குப் பதில் போல்ட்டை நல்லா முறுக்கி இழுத்துட்டா ஒட்டிக்காதா?’ ஒட்டிக்கொள்ளும். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அலுமினியம் விட்டுக்கொடுக்கும் உலோகம். அதிகம் இழுத்தால் அந்த இடத்தில் சற்றே நெளிந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். காம்போசிட்டுக்கு அந்தக் குணம் இல்லை. இழை ஓடும் திசையில் அது மிகப் பலமானது. அடுக்குகளுக்கு நடுவேயோ பசையின் பிடி மட்டும்தான். கோணிய பாகத்தைப் பலவந்தமாக நிமிர்த்தி இறுக்கினால், மடிப்பு மூலையில் அடுக்குகளைப் பிய்க்கும் விசை நிரந்தரமாகத் தங்கிவிடும். அடுக்குகள் உள்ளே பிரிந்தால் வெளியே கண்ணுக்குத் தெரியாது.

எனவே, எவ்வளவு விசை கொடுத்து இழுக்கலாம், எவ்வளவுக்கு மேல் ஷிம் வைத்தே ஆகவேண்டும் என்பதற்கு எழுதிவைத்த எல்லை உண்டு. 0.127 மில்லிமீட்டர் எனும் எண் வருவது இந்த இடத்தில்தான்.

787-ல் சர்ச்சை என்ன?

787-ன் உடல், தகடுகளாக அல்லாமல் முழுக் குழாய்களாகச் செய்யப்படுகிறது. ஏறக்குறைய 6 மீட்டர் விட்டமுள்ள உருளை அச்சைச் சுழலவிட்டு, அதன் மேல் இயந்திரம் கார்பன் நாடாவைச் சுற்றும். அப்படியே ஆட்டோகிளேவுக்குப் போகும். பழைய முறையில் பல தகடுகளை ஆயிரக்கணக்கான ரிவெட் அடித்துச் சேர்க்கவேண்டிய வேலை இதில் மிச்சம். ஆனால் அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி எனப் பல நாடுகளில் தனித்தனியாக வெந்த இந்தக் குழாய்கள் கடைசியில் ஓரிடத்தில் ஒன்றுசேரவேண்டும். குழாய்க்குள் இருந்த இணைப்புகள் மறைந்தன. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இணைப்பு மறையவில்லை.

2024 ஏப்ரல் 17 அன்று, போயிங்கின் தரப் பொறியாளர் சாம் சாலேபூர் அமெரிக்க செனட் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். 787-ன் இந்த இணைப்புகளில் இடைவெளிகள் முறையாக அளந்து நிரப்பப்படவில்லை, அதிக விசை கொடுத்து மூடப்பட்டன, இது விமானத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பது அவர் குற்றச்சாட்டு. போயிங் இதை மறுத்தது. 44,000 பறத்தல் சுழற்சிகளுக்காக வடிவமைத்த உடலை 1,65,000 சுழற்சிகளுக்கு மேல் சோதித்ததாகவும், காம்போசிட்டில் சோர்வுச் சேதம் எதுவும் தென்படவில்லை என்றும் நிறுவனம் சொன்னது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 787 என்றதும் 2025 ஜூன் மாத அகமதாபாத் விபத்து பலருக்கு நினைவு வரும். அந்த விபத்து குறித்து ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கை, இன்ஜின்களுக்கான எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்த நிலைக்கு மாறியதைப் பற்றிப் பேசியது. உடற்பகுதி இணைப்பின் இடைவெளிக்கும் அதற்கும் முடிச்சுப்போட அந்த அறிக்கையில் எதுவும் இல்லை.

இந்தியாவில்?

2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விமானத்துக்கான காம்போசிட் தொழில்நுட்பத்தில், பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தோலையும் உள்ளே தாங்கும் சட்டங்களையும் தனித்தனியாகச் செய்து போல்ட் போடாமல், ஒன்றாகவே அடுப்பில் வைத்து வேகவைக்கும் முறையை அந்த ஆய்வகம் வளர்த்தெடுத்தது. போல்ட் குறைந்தால் துளை குறையும், எடை குறையும், இடைவெளிப் பிரச்சினையும் குறையும்.

ஆனால் பிரச்சினை மறைவதில்லை, இடம் மாறுகிறது. பத்துச் சின்னப் பாகங்களில் ஒன்று கோணினால் அந்த ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு செய்யலாம். பத்தும் ஒன்றாக வெந்த பெரிய பாகம் கோணினால் மொத்தமும் போகும். இணைக்கும் இடத்தில் ஷிம் வைத்துச் சமாளிக்கும் வாய்ப்பும் அங்கே கிடையாது. அடுப்பில் வைப்பதற்கு முன்பே சரியாகக் கணித்திருக்க வேண்டும்.

அடுத்து என்ன?

பிசின் எந்த நொடியில் உறைகிறது என்பதை நேரடியாகக் கண்காணிக்கும் சென்சார்களை அச்சில் பதிப்பது ஒரு வழி. தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை அடுக்குகளுக்கு நடுவே வைத்து, உள்ளே தேங்கும் இழுவிசையை அளப்பது இன்னொன்று. வெளியே வந்த இரண்டு பாகங்களையும் லேசர் மூலம் அளந்து, சேர்த்தால் எங்கே எவ்வளவு இடைவெளி வரும் என்று கணினியிலேயே பார்த்து, அதற்கேற்ற ஷிம்களை முன்கூட்டியே கடைந்துவைக்கும் முறையும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. 

இவை எல்லாமே கோணலை இல்லாமல் செய்யும் வழிகள் அல்ல. அது எவ்வளவு வரும் என்று அறிந்துகொள்ளும் வழிகள். இழை சுருங்காது, பிசின் சுருங்கும் என்ற இயல்பு இருக்கும்வரை பாகம் கோணத்தான் செய்யும். அதைக் கணக்கில் எடுத்து அச்சை வெட்டுபவரும், மிஞ்சிய இடைவெளியை அளக்காமல் போல்ட்டை முறுக்க மறுப்பவரும் இருந்தால், அந்தக் கோணலோடு விமானம் பத்திரமாகப் பறக்கும். 2020-ல் எட்டு விமானங்களை நிறுத்தியது கோணல் அல்ல. அளந்து நிரப்பவேண்டிய தகடு சரியான அளவில் இல்லாததும், அதே இடத்தில் உட்புறப் பரப்பு போதிய அளவு தட்டையாக இல்லாததும் ஒன்றுசேர்ந்ததுதான்.